லயத்து முதியோரும் இரத்த அமுக்கமும்

மாதத்தில் ஒரு நாள், விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குச் செல்வோர் எழுந்திருக்கும் முன்பே, லயத்துக் காம்பிரா ஒன்றில் விளக்கு எரியும். முதியவர் ஒருவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, பை ஒன்றில் கிளினிக் கொப்பியையும் மாத்திரை உறைகளையும் எடுத்து வைத்துப் புறப்பட ஆயத்தமாவார். மலைப்பாதையில் மெல்ல இறங்கி, பனியில் நின்று பஸ் பிடித்து, அட்டனுக்கோ டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ போய்ச் சேர்ந்து, இலக்கம் பெற்று, வாங்கில் ஒன்றில் அமர்ந்து காத்திருப்பார். முறை வந்ததும் அவர் கையிலே ஒரு பட்டி சுற்றப்படும். அதனுள் காற்று ஏற்றப்படும். கொப்பியில் இரண்டு எண்கள் எழுதப்படும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இக்காரியத்துக்காக ஒரு நாள் முழுவதும் கழிகிறது. துணைக்கு மகனோ மருமகளோ சென்றால் அவர்களுக்கும் அன்றைய 'பேர்' போய்விடுகிறது.

அந்த இரண்டு எண்களைப் பற்றியே இந்த வாரம் நாம் பேசப் புகுகின்றோம். அவை எதைச் சொல்லுகின்றன? மாதத்துக்கு ஒரு முறை அவற்றை எழுதினால் மட்டும் போதுமா? எஞ்சிய இருபத்தொன்பது நாட்களிலும் அந்த முதியவரைக் கவனிப்பவர் யார்?

வந்து போகும் நோயும் வந்து தங்கும் நோயும்

நம் மலைநாட்டுத் தோட்டங்களில் வைத்திய வசதி ஏற்பட்ட வரலாறு கோப்பிக் காலத்துக்குச் செல்கிறது. 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தேயிலை வேரூன்றிய பின்னர், 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. அக்காலத்தில் தொழிலாளரை வாட்டியவை வாந்திபேதி, இரத்தபேதி, காய்ச்சல், கொக்கிப்புழு ஆகியன. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க ராக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலை ஆரம்பிக்கப்பட்டது. தோட்டத்து டிஸ்பென்சரி, அங்குள்ள மருத்துவ உதவியாளர், மருத்துவிச்சி ஆகிய ஏற்பாடுகள் எல்லாம் இத்தகைய நோய்களுக்கும் பிரசவத்துக்கும் ஏற்றவாறே அமைந்தன. நோயாளி வருவார், மருந்து கொடுக்கப்படும், சுகமாகும், அத்தோடு கணக்கு முடிந்துவிடும். அவை வந்து போகும் நோய்கள்.

இரத்த அமுக்கமோ வந்து தங்கும் நோய். அதற்குக் கணக்கு முடிவதில்லை. ஒரு தடவை மருந்து கொடுத்து அனுப்பிவிடுவது இதற்கு வைத்தியம் ஆகாது. ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொண்டிருப்பதே வைத்தியம்.

இன்று தோட்டங்களில் முதுமை என்பது அபூர்வமன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படியே இலங்கை மக்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அதன் பின்னர் இத்தொகை மேலும் உயர்ந்துள்ளது. சிறு வயதிலே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறியவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டிருக்கிறார்கள். இளையோர் கொழும்புக்கு வேலை தேடிச் சென்றுவிட, லயத்தில் தங்கியிருப்போர் அவர்களே. நீண்ட ஆயுள் நமக்குக் கிடைத்த பேறுதான். ஆனால் அந்த ஆயுளோடு கூடவே இந்த நோயும் வந்து குடிபுகுந்திருக்கிறது.

வலியில்லாத வியாதி

இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தம் குழாய்களின் சுவரை மோதி அழுத்துகிறது. அந்த அமுக்கமே மேல் எண். இருதயம் விரிந்து இளைப்பாறும் வேளையில் எஞ்சி நிற்கும் அமுக்கம் கீழ் எண். இத்தாலிய வைத்தியர் ரிவா-ரொச்சி 1896இல் கையிற் சுற்றும் பட்டியை அறிமுகப்படுத்தினார். ரஷ்ய வைத்தியர் கொரொட்கொவ் 1905இல், பட்டி தளரும்போது நாடியிலே எழும் ஓசையைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் வழியைக் காட்டினார். அன்று தொடங்கிய முறையே இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

வயது ஏற ஏற, புதிய ரப்பர் குழாய் வெயிலில் கிடந்து விறைத்துப்போவது போல, பெருநாடியும் அதன் கிளைகளும் நெகிழ்ச்சியை இழக்கின்றன. ஆகவே முதியோரிடத்தில் மேல் எண் உயர்கிறது. கீழ் எண் அப்படியே இருக்கிறது, சிலருக்குக் குறைந்தும் போகிறது. "வயசானால் பிரஷர் கூடத்தானே செய்யும்" என்று இதனை அலட்சியம் செய்த காலமும் உண்டு. அக்கருத்து தவறென்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது. 60 வயதைக் கடந்து, மேல் எண் மட்டும் உயர்ந்திருந்த 4,736 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1991இல் வெளியான ஆய்விலே, சாதாரண மாத்திரைகளால் பாரிசவாதம் நூற்றுக்கு 36 வீதத்தால் குறைந்தது. 80 வயதைக் கடந்த 3,845 பேரைக் கொண்டு பல நாடுகளில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், மருந்து பெற்றோரிடையே மரணமே நூற்றுக்கு 21 வீதம் குறைந்தது. எண்பதிலும் இந்த வைத்தியம் பலன் தருகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால், இந்நோய்க்கு வலி இல்லை. அதுவே அதன் சூது. காய்ச்சல் வந்தால் உடம்பு சொல்லிவிடும். கால் புண்பட்டால் நடை சொல்லிவிடும். இரத்த அமுக்கமோ வாய் திறப்பதில்லை. எனவே, "மேலுக்கு நல்லாத்தானே இருக்கு, பின்னே எதுக்கு மாத்திரை?" என்று அப்பாயி கேட்கிறார். மாத்திரை முடிந்ததும் ஒரு கிளினிக்கைத் தவற விடுகிறார். பிறகு இரண்டைத் தவற விடுகிறார். மழை, பஸ் செலவு, துணைக்கு ஆளில்லாமை என்று ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதையும் நாம் அறிவோம்.

வேறொரு நம்பிக்கையும் லயங்களிலே உண்டு. இது கொழுத்தவர்களின் நோய், பணக்காரரின் நோய் என்பர். மெலிந்த தேகமும் ஓயாத உழைப்பும் இதற்குக் காப்பு ஆவதில்லை. கொடி போல் மெலிந்திருக்கும் மூதாட்டிக்கும் 180 என்று மேல் எண் காட்டலாம்.

கவனிக்காமல் விட்டதன் விளைவு ஒரு நாள் காலையில் தெரியவரும். வாய் கோணும், ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் கட்டப்பட்ட பழைய லயக் காம்பிராவில் பாரிசவாத நோயாளி ஒருவர் படுத்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் நிலை என்ன? அவரைத் தூக்கவும் துடைக்கவும் ஊட்டவும் மகளோ மருமகளோ வேலையை விடுகிறாள். பிள்ளையின் படிப்பும் இடையில் நிற்கக்கூடும். ஒருவரின் இரத்த அமுக்கம் இவ்வாறு ஒரு குடும்பத்தின் வருமானத்தையே சாய்த்துவிடுகிறது.

ஒரு தடவை அளந்தால் போதுமா?

கிளினிக்கில் எழுதப்படும் எண் பொய்யன்று. ஆனால் அது ஒரு கணத்தின் உண்மை மாத்திரமே. மேடு ஏறி மூச்சிரைக்க வந்தவருக்கு அமுக்கம் கூடியிருக்கும். வைத்தியரைக் கண்ட படபடப்பிலும் பலருக்கு அது ஏறுகிறது. வேறு சிலருக்கோ கிளினிக்கில் சரியாக இருந்து, வீட்டிலே உயர்ந்து நிற்கும். குளிரிலே இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் எண் உயர்வது உண்டு. கடல் மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியாவில் மார்கழி, தை மாதக் காலைக் குளிரைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அளக்கும் விதமும் எண்ணை மாற்றுகிறது. கையை மேசையில் இருதயத்தின் மட்டத்துக்கு வைத்து அளப்பதே முறை. 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கையை மடியில் வைத்தால் மேல் எண் ஏறத்தாழ 4ம், கையைத் தொங்கவிட்டால் 6க்கு மேலும் கூடுதலாகக் காட்டுவது கண்டறியப்பட்டது. பட்டியின் அளவும் முக்கியம். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் எண் கூடிக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டி கட்டினால் குறைத்துக் காட்டும். நம் தோட்டங்களில் மெலிந்த கைகள் பல உண்டாகையால், இந்த இரண்டாவது பிழையையே நாம் அதிகம் அஞ்ச வேண்டும். உள்ள நோயை இல்லையென்று அது சொல்லிவிடுமல்லவா?

எனவே அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் படிந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போடலாகாது. அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் தேநீர், வெற்றிலையோடு சேர்ந்த புகையிலை, சுருட்டு ஆகியன கூடா. சிறுநீர் கழித்துவிட்டு வருதல் நன்று. அளக்கும்போது பேச்சு வேண்டாம். முதன்முறை இரு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையிலேயே பின்னர் அளந்து வர வேண்டும்.

எழுந்து நின்றால்?

முதியோர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அமர்ந்திருக்கும்போது அமுக்கம் உயர்ந்திருப்பவருக்கே, எழுந்து நின்றதும் அது திடீரென விழுந்துவிடக்கூடும். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 அளவோ கீழ் எண் 10 அளவோ குறைந்தால் அதை வைத்தியர்கள் ஒரு கோளாறாகவே கொள்வர். கண் இருளும், தலை சுற்றும், கால் தடுமாறும்.

சமதரையில் வாழ்வோருக்கே இது ஆபத்து. நம் லயங்களின் நிலையோ வேறு. வாசலை விட்டு இறங்கினால் படி. படிக்கு அப்பால் சரிவு. மழை நாளில் பாசி படிந்த கல். இரவிலே மலசலகூடத்துக்குப் போக வெளியே இறங்க வேண்டியோரும் பலர். அங்கு ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பாரிசவாதத்துக்குத் தப்பியவரும் படுக்கையில் விழுவார். ஆகவே முதியவருக்கு அமர்ந்தும் அளக்க வேண்டும், எழுந்து நிற்கச் செய்தும் அளக்க வேண்டும். நெருக்கடியான கிளினிக்கில் இதற்கு நேரம் கிடைப்பது அரிது. வீட்டில் கிடைக்கும்.

வீட்டிலே ஒரு கொப்பி

இப்பொழுது நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். பட்டரியால் இயங்கும் சிறு பிரஷர் மெசின் இன்று மருந்துக் கடைகளில் விற்கப்படுகிறது. மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டும் வகையே நம்பத்தக்கது. ஒரு குடும்பத்துக்கு அதன் விலை பாரமாயிருக்கலாம். ஒரு லயத்தில் உள்ளவர்கள் கூடி ஒன்று வாங்கினால் பாரம் பகிரப்படும். வாங்கிய மெசினை ஒரு முறை கிளினிக்குக்குக் கொண்டுபோய் அங்குள்ள அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அளந்து எழுதும் வேலையை யார் செய்வது? இங்கேதான் மாணவர்களை நாம் அழைக்கிறோம். எண்களை வாசிக்கவும் திகதியிட்டு எழுதவும் தெரிந்த பேரனோ பேத்தியோ இல்லாத லயம் உண்டா? கிளினிக் கொப்பியில் வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுவது அப்பாயிக்குப் புரிவதில்லை. பேத்தி தமிழில் எழுதும் கொப்பியோ வீட்டாருக்கும் விளங்கும். அதிலுள்ள எண்களோ வைத்தியருக்கும் விளங்கும்.

கிளினிக் நாளுக்கு முந்திய ஒரு வாரம், காலையில் மாத்திரை விழுங்கும் முன் இருமுறையும், மாலையில் இருமுறையும், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம் விட்டு அளக்க வேண்டும். முதல் நாளின் எண்களை விட்டு, எஞ்சியவற்றின் சராசரியைக் காண வேண்டும். பாடசாலையிற் படித்த கணிதம் இங்கே பயன்படுகிறது. கிளினிக்கில் 140க்கு 90 என்பது எல்லையாகக் கொள்ளப்படுமானால், வீட்டுச் சராசரிக்கு 135க்கு 85 என்பதே எல்லை. நின்று அளந்த எண், மாத்திரை தவறிய நாள், தலை சுற்றிய நாள், விழுந்த நாள் ஆகியவற்றையும் பக்கத்தில் குறிக்க வேண்டும்.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் வேலையன்று. உறுதியான தேகமுடைய எழுபது வயதினருக்கும் தளர்ந்துபோன எண்பத்தைந்து வயதினருக்கும் இலக்கு ஒன்றல்ல. அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். சில மாத்திரைகளால் கால் வீங்கலாம். சிலவற்றால் வரட்டு இருமல் வரலாம். சிலவற்றால் அடிக்கடி சிறுநீர் போகலாம். இவற்றைக் கண்டதும் பலர் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். கொப்பியில் எழுதிக் காட்டினால் வைத்தியர் வேறு மருந்து தருவார்.

வீட்டைத் தேடிச் செல்லும் கவனிப்பு பலன் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் நாட்டுக்குப் பத்தாக முப்பது கிராமப் பகுதிகளில், 2,645 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு சென்று அமுக்கத்தை அளந்து, புத்தி சொல்லி, தேவையானோரை வைத்தியரிடம் அனுப்பினர். அத்தகைய கவனிப்புப் பெற்றோரின் மேல் எண் சராசரியாக 9 குறைந்தது. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றோருக்கு 4 அளவே குறைந்தது. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது புதுமையான மருந்தன்று. வீட்டு வாசலுக்கு வந்த கவனிப்பே.

உப்பும் வலி மாத்திரையும்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி அளவான 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்பது உலக சுகாதார தாபனத்தின் ஆலோசனை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உயர் இரத்த அமுக்கம் காணப்பட்டது. மிகையான உப்பு காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. தேநீரிலே உப்பிட்டுக் குடிப்பது அங்குள்ள வழக்கம். நம் லயங்களிலோ உப்பு கருவாட்டிலும், அச்சாற்றிலும், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலிலும் வருகிறது. இவற்றை அடியோடு விடும்படி முதியவரிடம் சொல்வது கொடுமை. கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமைக்கலாம். சம்பலில் உப்பைக் குறைத்துத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டலாம்.

கூடை சுமந்த முதுகும் மலை ஏறிய முழங்காலும் முதுமையில் வலிக்கத்தான் செய்யும். அதற்காகக் கடையில் தாமே வாங்கி விழுங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அமுக்கத்தை உயர்த்துவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. அவற்றின் பெயரையும் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

தோட்டமும் அரசாங்கமும்

குடும்பத்தின் மேல் மட்டும் எல்லாப் பொறுப்பையும் சுமத்துவது நியாயமன்று. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளிற் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் ஏற்பட்டன. 2017இல் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை திறக்கப்பட்டது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும் பட்டணத்துக் கட்டடத்துக்கும் மலை உச்சி லயத்துக்கும் இடையிலுள்ள தூரம் முதியவரின் கால்களுக்கே தெரியும்.

கர்ப்பிணித் தாயைத் தேடி மருத்துவிச்சி வீடு வருவது நம் நாட்டின் பெருமை. ஒவ்வொரு பரிசோதனையிலும் தாயின் இரத்த அமுக்கம் அவளுடைய பதிவேட்டில் எழுதப்படுகிறது. அதே தாய் பாட்டியான பின்பு அவளைத் தேடி வருவார் யார்? மாதத்தில் ஒரு நாள் கொழுந்து மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ முதியோரின் இரத்த அமுக்கத்தை அளந்து, உறுதியாக உள்ளோருக்கு அங்கேயே மாத்திரை வழங்கினால், பட்டணத்துக் கிளினிக்கில் கூட்டமும் குறையும், ஒரு நாட் சம்பளமும் மிஞ்சும். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஏட்டிலே இருக்கிறது. தோட்டத்து முதியோர் சங்கங்கள் இதனைக் கேட்டுப் பெறலாம்.

இறுதியாக ஒரு வார்த்தை. முகம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், நெஞ்சு வலித்தாலும் கொப்பியைத் தேடிக்கொண்டிருக்கலாகாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். வண்டி ஏற முடியாத லயமாயின், வீதி வரையில் சுமந்து செல்ல அயலார் ஆயத்தமாக வேண்டும்.

அத்தகைய நாள் வராமற் காப்பதற்கே நாம் இவ்வளவும் கூறினோம். இன்று மாலை பாடசாலை விட்டு வந்த பின், மாணவர் ஒருவர் புதிய கொப்பியொன்றின் முதற் பக்கத்தில் தம் பாட்டியின் பெயரையும் வயதையும் அவர் விழுங்கும் மாத்திரைகளின் பெயரையும் எழுதட்டும். "அப்பாயி, கொஞ்ச நேரம் பேசாம உட்காருங்க" என்று சொல்லிப் பக்கத்தில் அமரட்டும். அந்த ஐந்து நிமிட அமைதியும், அதன் பின் எழுதப்படும் இரண்டு எண்களும், அக்குடும்பத்துக்குப் பல ஆண்டு வாழ்வைக் காத்துத் தரக்கூடும்.